வேலை போய் பொழப்பு மாறும்போது ஒரு கோச்சோட உக்காருறது எப்படி

2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரின்னு ஆக்கினதுக்கு அப்பறம், திருப்பூர்ல என்கூட வேலை பார்த்தவங்க நெறைய பேரு எனக்குக் கூப்பிட்டாங்க. பாதிப் பேரு எங்கியாச்சும் வேலை இருக்கான்னு கேட்டாங்க, மீதிப் பேரு கேட்டது வேற, "அக்கா, 2023ல வேலை போனதும் யாரோ ஒரு கோச்கிட்ட போனீங்களே, அது என்னது, அங்க என்ன பண்ணுவாங்க, நானும் போலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிப் போட்ருவோம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி. 17 வருசம் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பையர் மெயிலு, லேப் டிப் (சாயத்துக்கு ஓகே வாங்குற துண்டுத் துணி), பிபி சாம்பிள் (மொத்தமா தைக்கிறதுக்கு முந்தி ஓகே வாங்குற மாதிரிப் பீஸ்), இன்ஸ்பெக்‌ஷன்னு கண்டெய்னர் கிளம்புற வரைக்கும் தூக்கமில்லாத பொழப்பு. கம்பெனி பங்காளிங்க ரெண்டா பிரிஞ்சப்ப எங்க டிபார்ட்மெண்டையே எடுத்துட்டாங்க, எனக்கு அப்ப 43 வயசு, அந்த வருசமே மகளையும் காலேஜ் ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தோம். வீடு அவிநாசியில. வீட்டுக்காரர் தறிக்குப் போயிட்டா பகல் பூரா நானும் செவுரும்தான்.

ரோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லைங்க. மாமனார் "தோட்டத்துல நாலு எருமை வாங்கிக் கட்டலாம் அம்மிணி"ன்னாரு, நாத்தனார் "டியூஷன் எடுங்கண்ணி"ன்னாங்க, பழைய மேனேஜர் பையிங் ஆபீஸ்ல சொல்லி வெக்கட்டுமான்னாரு, ஒறம்பரை (சொந்தக்காரங்க) வீட்டுக் கண்ணாலத்துல பந்தியில உக்காந்தா பக்கத்து எலைக்காரங்ககூட ஒரு ரோசனை வெச்சிருந்தாங்க. எல்லாருமே நல்ல மனசோடதான் சொன்னாங்க, அதுல கொறையே இல்ல. ஆனா "உனக்கு என்ன தோணுது"ன்னு கேட்டுட்டு நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்த ஆளு ஒருத்தரும் இல்ல. கோச்கிட்ட எனக்கு முதல்ல கெடைச்சது அதுதான். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்தது.

கோச்சுன்னா யாரு, யாரில்ல

ஹங்கேரி நாட்டுல கோச்னு ஒரு ஊரு இருக்குது, அங்க செஞ்ச குதிரை வண்டிக்கு ஊரு பேரே வண்டிப் பேராச்சு, நம்ம தாத்தா காலத்துல கோச் வண்டின்னு சொன்னாங்களே அதே வார்த்தைதான். 1830 வாக்குல ஆக்ஸ்ஃபோர்டு காலேஜ் பசங்க பரீட்சையில கரை சேர்த்து விடுற வாத்தியாரைக் கோச்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, அப்பறம்தான் வெளையாட்டுக்குப் போச்சு, அங்க இருந்து ஆபீசுக்கும் வீட்டுக்கும் வந்துச்சு. எனக்கு இந்த வண்டிக் கணக்கு பிடிச்சிருக்குது, ஏன்னா வண்டியில ஏறுறவங்கதான் எங்க போகணும்னு சொல்லணும், வண்டி சொல்லாது.

இதையே நம்ம பக்கத்து ஆளுங்கள வெச்சு சொல்றேன். கம்பெனி நடத்தி மேல வந்த மாமா ஒருத்தரு "நான் இப்படித்தான் பண்ணினேன், நீயும் பண்ணு"ன்னு சொன்னா அவரு மென்டர். ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்து இதைக் கட்டுங்க இதைக் கட்டாதீங்கன்னு சொல்ற ஆடிட்டர் கன்சல்டண்ட் மாதிரி, பதில் அவருகிட்ட இருக்குது, காசு குடுத்து வாங்கிக்கிறோம். மனசு ஒடஞ்சு போயிருக்குது, பழைய காயம் வலிக்குதுன்னா கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட். கோச் இதுல எதுவும் இல்லைங்க. உங்களுக்குள்ள இருக்கிறத நீங்களே எடுத்து மேசை மேல வெக்கிற மாதிரி கேள்வி கேக்குறது, நீங்களே எடுத்த முடிவை நீங்க செஞ்சீங்களான்னு பத்து பதினஞ்சு நாள் கழிச்சு திரும்பக் கேக்குறது, இவ்வளவுதான் அவங்க வேலை. கேக்க சின்னதாத் தெரியும், உக்காந்து பார்த்தா தெரியும் எவ்வளவு கனம்னு.

எப்ப கோச்கிட்ட போகக்கூடாதுன்னு முதல்லயே சொல்லிடறேன், இது எல்லாத்தையும் விட முக்கியம். ராத்திரி தூக்கமே இல்ல, சாப்பாடு எறங்கல, வாரக்கணக்கா அழுக நிக்கல, உயிரோட இருந்து என்ன பிரயோசனம்னு நெனப்பு வருதுன்னா கோச்சைத் தேடாதீங்க, நேரா மனநல டாக்டரைப் பாருங்க. உடனே யாருகிட்டியாச்சும் பேசணும்னா 14416, டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல இருந்து மத்திய அரசு நடத்துறாங்க, காசில்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. நல்ல கோச்சா இருந்தா அவங்களே "இதுக்கு நீங்க டாக்டரைத்தான் பார்க்கணும்"னு சொல்லி அனுப்புவாங்க, அப்படிச் சொல்லாம உங்க டிப்ரஷனை நான் சரி பண்றேன்னு யாராச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

ஆளைப் பார்த்துப் பிடிக்கிறது

நம்ம நாட்டுல கோச்சுன்னு போர்டு மாட்ட லைசன்ஸ் எதுவும் தேவையில்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும், மனநல டாக்டருன்னா மெடிக்கல் கவுன்சில் பதிவு வேணும், கோச்சுக்கு அப்படி எதுவும் கெடையாது. அதனால பார்க்கிறது நம்ம பொறுப்புதான்.

ஐ.சி.எஃப்.னு (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) ஒரு உலக அமைப்பு 1995ல ஆரம்பிச்சது, அவங்க மூணு தரமா சான்றிதழ் குடுக்கறாங்க. ஏ.சி.சி.ங்கிற முதல் தரத்துக்கு 60 மணி நேரம் பயிற்சியும் 100 மணி நேரம் ஆளுங்களோட உக்காந்த அனுபவமும் வேணும், பி.சி.சி.க்கு 125ம் 500ம், எம்.சி.சி.க்கு 200ம் 2500ம். ஒருத்தரு எனக்கு இந்தச் சான்றிதழ் இருக்குதுன்னு சொன்னா அந்த அமைப்போட வெப்சைட்லயே பேரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். சான்றிதழ் இருந்தா மட்டும் நல்ல கோச்னு ஆயிடாது, இல்லாதவங்க எல்லாம் மோசம்னும் இல்ல, ஆனா இத்தனை மணி நேரம் ஒருத்தரு எதிர்ல உக்காந்து கேட்டிருக்காங்கங்கிறது எனக்குப் பெரிய தெம்பா இருந்துச்சு.

நான் முதல்ல ஏமாந்த கதையும் சொல்லணும். கோயமுத்தூர்ல ஒரு ஹோட்டல்ல ரெண்டு நாள் கேம்ப், வாழ்க்கையே மாறிடும்னு சொன்னாங்க, 18,000 ரூபாய் கட்டினேன். முன்னூறு பேரு இருந்தோம், பாட்டு, கை தட்டல், கண்ண மூடிட்டு அழுக, ஞாயித்துக்கெழமை பொழுதோட வெளிய வரும்போது வானத்துல பறக்குற மாதிரி இருந்துச்சு. புதன்கெழமைக்கெல்லாம் அதே செவுரு, அதே நான். ரெண்டு நாள்ல ஒருத்தரும் எம்பேரக்கூட கேக்கல. கடைசியில அடுத்த லெவல்னு ஒண்ணரை லட்சம் கேட்டாங்க, இன்னிக்கே கட்டினா பாதி வெலைன்னாங்க. இன்னிக்கேன்னு நெருக்கினா அந்த எடத்துல நிக்காதீங்க. வேலை போன ஆளுகிட்ட இருக்கிற செட்டில்மெண்ட் காசு மேலதான் கண்ணு.

நான் அப்பறம் போன கோச், கோயமுத்தூர் வடவள்ளியில இருக்காங்க, பல வருசம் ஒரு மில்லுல எச்.ஆர்.ல இருந்து வெளிய வந்தவங்க. முதல் அரை மணி நேரம் காசு வாங்காம பேசினாங்க, நெறைய கோச்சுங்க அப்படித்தான் பண்றாங்க, அந்தப் பேச்சுல ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலாம். அப்ப நீங்க பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், எச்சா, அதாவது அதிகமா, பேசினது யாரு. அவங்களே தன் பெருமையும் பழைய கிளையண்ட் கதையும் பேசி முடிச்சா வேண்டாம். நீங்க பேசி, அவங்க கேட்டு, கெளம்பும்போது உங்களுக்கே தெரியாத ஒரு விசயம் உங்க வாயிலேயே வந்துச்சுன்னா செரியான எடம்.

கேக்க வேண்டிய கேள்வியும் கேட்ருங்க, கூச்சப்பட வேண்டாம். ஒரு செஷன் எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, நடுவுல நிறுத்தினா மீதி திரும்ப வருமா, நான் சொல்றது வெளிய போகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு 2500 ரூபாய், பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா, மொத்தம் 9 செஷன், 22,500 ஆச்சு. மொத்தமா கட்டச் சொல்லல, வந்து வந்து கட்டினேன். உங்க கம்பெனி காசு கட்டுதுன்னா ஒண்ணு கூடுதலா கேளுங்க, முதலாளிக்கு என்னென்ன சொல்லுவீங்கன்னு, அதை மூணு பேரும் சேர்ந்து முதல் நாளே பேசி முடிச்சிரணும்.

இன்னொண்ணு, ஒறம்பரைக்குள்ள கோச் பிடிக்காதீங்க. நம்ம பக்கம் ரெண்டு பேரு அஞ்சு நிமிசம் பேசினா எந்த ஊரு, யாரு வீடுன்னு கேட்டு ஏதோ ஒரு மொறை கண்டுபிடிச்சிருவோம். தெரிஞ்சவங்கன்னா வீட்டுச் சங்கதி பேசும்போது நாக்கு தானா மடங்கும், அங்க பாதி உண்மைதான் வெளிய வரும். திருப்பூர் ஆளுங்க கோயமுத்தூர்லயோ ஈரோட்டுலயோ பாருங்க, இல்லாட்டி போன்ல வீடியோல உக்காருங்க, நான் மூணாவது செஷன்ல இருந்து அப்படித்தான் பண்ணினேன், மகளோட காலி ரூம்ல கதவைச் சாத்திட்டு.

போறதுக்கு முந்தி வீட்டுல பண்ண வேண்டியது

கையை வீசிட்டுப் போகாதீங்க, காசு வீணாப் போகும். ஒரு பேப்பர்ல மூணு விசயம் எழுதுங்க. என்ன மாறிடுச்சு, அதுல எனக்கு எது வலிக்குது, இந்த மூணு நாலு மாசத்துல எது தெளிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன். மூணாவதுதான் கஷ்டம். "நல்லா இருக்கணும்"னு எழுதினா அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நான் முதல்ல அப்படித்தான் எழுதினேன், மூணு தரம் அடிச்சு எழுதி கடைசியில "சொந்தமா கிட்ஸ்வேர் போடுறதா, திரும்ப வேலைக்குப் போறதான்னு டிசம்பருக்குள்ள தெரியணும்"னு வந்துச்சு. அதைப் பார்த்ததும் கோச் சொன்னாங்க, நீங்க பாதி தூரம் வந்துட்டீங்கன்னு.

சக்கரம் ஒண்ணு போடச் சொல்லுவாங்க, நீங்க முன்னாடியே போட்டுப் பார்க்கலாம். வட்டம் வரைஞ்சு எட்டாப் பிரிச்சு வேலை, காசு, உடம்பு, வீட்டுக்காரர், புள்ளைங்க, சிநேகிதம், தனக்குன்னு இருக்கிற நேரம், சாமின்னு எழுதி ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுறது. நான் பழைய பேக்கிங் லிஸ்ட் பின்னாடி வரைஞ்சேன். வேலைக்கு 2 வரும்னு தெரியும், சிநேகிதத்துக்கு 1 போட்டப்பதான் கை நின்னுது. 17 வருசத்துல எனக்கு இருந்த சிநேகிதம் எல்லாம் அந்த ஒரே பில்டிங்குக்குள்ள இருந்துச்சு.

உள்ள என்ன நடக்கும்

முதல் செஷனைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், பயப்படறவங்களுக்காக. சின்ன ரூம், ஃபேன் சத்தம், ரெண்டு பிரம்பு சேர், நடுவுல தண்ணி டம்ளர். நான் மெர்ச்சண்டைசர் பழக்கத்துல நோட்டு பேனாவோட போயி, பாயிண்ட் பாயிண்டா வேலை போன கதையச் சொன்னேன். அவங்க கேட்டுட்டே இருந்துட்டு, "வேலை போனதுல உங்களுக்கு எதெது போச்சுங்க?"ன்னாங்க.

"சம்பளம்"னேன்.

"அப்பறம்?"

"பி.எஃப்., பஸ் பாஸ், அந்த மாதிரி."

"அப்பறம்?"

எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. அவங்களும் ஒண்ணும் சொல்லல, சும்மா பார்த்துட்டு இருந்தாங்க, ஒரு நிமிசம் இருக்கும், எனக்கு அது பத்து நிமிசம் மாதிரி. அப்பறம் எவ்வாயில இருந்து தானா வந்துச்சு, "காலைல ஒம்போது மணிக்கு எம்போன் அடிக்க ஆரம்பிக்கும்ங்க, கட்டிங்ல இருந்து, டையிங்ல இருந்து, செக்கிங்ல இருந்து, அக்கா இது என்ன பண்றது அது என்ன பண்றதுன்னு. இப்ப அடிக்கிறதே இல்ல." சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுதுட்டேன். அவங்க அழாதீங்கன்னு சொல்லல. தண்ணி டம்ளரை எம்பக்கம் நகர்த்தி வெச்சாங்க. கொஞ்சம் அடங்கினதும், "அந்தப் போன் அடிக்கும்போது நீங்க யாருங்க?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியத்தான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன், பதினஞ்சு நாள் அதோடதான் இருந்தேன்.

வில்லியம் பிரிட்ஜஸ்னு ஒரு அமெரிக்கக்காரர் இதை மூணு கட்டமாப் பிரிச்சு சொல்லியிருக்காரு. மாத்தம் வெளிய நடக்குறது, ஒரே நாள்ல நடந்துரும், வேலை போறது, மகளுக்குக் கண்ணாலம் ஆகுறது, தோட்டத்தை வித்து ரிஜிஸ்டர் பண்றது எல்லாம் அப்படி. மனசு அதைக் கடக்குறதுக்கு மாசக்கணக்கா ஆகும். அதுல முதல் கட்டம் ஒண்ணு முடியுறது, ரெண்டாவது நடுவுல வெறுமையா இருக்கிறது, மூணாவதுதான் புதுசா ஆரம்பிக்கிறது. நாம என்ன பண்றோம்னா முடிஞ்சதுக்கு அழுகாம, நடுவுல நிக்காம, நேரா மூணாவதுக்குத் தாவப் பார்க்குறோம், வேலை போன மறுமாசமே செட்டில்மெண்ட் காசுல கடை போட்டு நிக்கிறவங்க எத்தனை பேரு.

அந்த நடுக்கட்டம் பண்ணையத்துல இருக்கிறவங்களுக்குப் புரியும். கோடை உழவு ஓட்டிப் போட்டுட்டு காட்டை அப்படியே விட்டு வெக்கிறோம், பார்க்கிறவங்களுக்குக் காஞ்ச கட்டிதான் தெரியும், மழை வந்தா தண்ணி உள்ள எறங்குறது அந்த உழவாலதான். 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறை எல்லாம் மூடினப்ப, கையில வேலை இல்லாம நின்ன எங்க மாமா ஒருத்தரு ஆறு மாசம் ஒண்ணும் பண்ணாம தாராபுரம் தோட்டத்துச் சாளையிலயே கெடந்தாரு, ஊரே அவரைச் சோம்பேறின்னு பேசுச்சு. அவருக்குள்ள என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலைன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. கோச் பண்ற பெரிய உதவியே இந்த நடுக்கட்டத்துல கூட நிக்கிறதுதான், அவசரப்படாம, அதே சமயம் அங்கியே படுத்துக்க விடாம.

அடுத்தடுத்த செஷன்ல கேக்குற கேள்விக்கு ஒரு வரிசை இருக்கும். இங்கிலாந்துல ஜான் விட்மோர்னு ஒருத்தரு, ரேஸ் கார் ஓட்டினவரு, அவரும் கூட இருந்தவங்களும் 1980கள்ல கொண்டு வந்த மொறை அது, க்ரோ (GROW)ன்னு சொல்லுவாங்க, நாலு கேள்வி. எங்க போகணும், இப்ப எங்க நிக்கிறேன், எத்தனை வழி இருக்குது, இதுல எதை எப்ப செய்யப் போறேன். தனியா உக்காந்தும் இதை எழுதிப் பார்க்கலாம், ஆனா ரெண்டாவது கேள்வியில நமக்கு நாமே பொய் சொல்லிக்குவோம், அங்கதான் எதிர்ல ஒரு ஆளு வேணும். நான் "எங்கிட்ட 8 லட்சம் இருக்குது, போட்ரலாம்"னு சொன்னப்ப, "அது மகளோட மூணு வருச ஃபீஸும் சேர்த்துங்களா?"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டாங்க.

சாம்பிள் போட்டுப் பாருங்க

இந்தப் பகுதிதான் என் வாழ்க்கையில காசைக் காப்பாத்தினது. நான் பிராண்ட் ஆரம்பிக்கிறதுன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். கோச் வேண்டாம்னும் சொல்லல, பண்ணுங்கன்னும் சொல்லல. "17 வருசத்துல ஒரு தடவையாச்சும் சாம்பிள் அப்ரூவல் இல்லாம மொத்தமா பல்க் கட்டிங் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. என் வேலையில இருந்தே எடுத்து என்னையே கேட்டதும் நான் சிரிச்சுட்டேன். துணியத் தண்ணியில நனைச்சு எவ்வளவு சுருங்குதுன்னு பார்க்காம ஒரு பீஸ் வெட்ட மாட்டேன், ஆனா வாழ்க்கையில மட்டும் நேரா எட்டு லட்சம்.

சரின்னு 60 பீஸ் போட்டேன். பொம்பளப் புள்ளைங்க ஃப்ராக், ரெண்டு சைஸ், ஒரு தெரிஞ்ச பவர் டேபிள் (தையல் மெஷின்) யூனிட்ல தைச்சு, கோயமுத்தூர்ல ஒரு அப்பார்ட்மெண்ட்ல தீபாவளிக்கு முந்தி ஸ்டால் போட்டேன். 22 வித்துச்சு. எண்ணிக்கை கொறைவுன்னு எனக்கு வருத்தம் வரல, அதைவிட முக்கியமா ஒண்ணு கண்டுபிடிச்சேன். துணி எடுக்க ஓடினது, டெய்லர்கிட்ட நின்னு அளவு பார்த்தது, தேதி தவறாம முடிச்சது, இதெல்லாம் பண்ணும்போது நேரம் போனதே தெரியல. ஸ்டால்ல உக்காந்து வாங்க வாங்கன்னு கூப்பிட்ட ரெண்டு நாளும் ஒடம்பு வலிச்சுது. அப்ப எனக்கு வேண்டியது கடை இல்ல, அந்த ஒம்போது மணிப் போனு. இப்ப ரெண்டு சின்ன யூனிட்டுக்கு வாரம் மூணு நாள் ஆர்டர் ஃபாலோ அப் பண்ணிக் குடுக்குறேன், அவங்களால முழு நேர மெர்ச்சண்டைசர் வெக்க முடியாது, எனக்கும் முழு நேரம் வேண்டாம். 60 பீஸுக்கு ஆன செலவு எனக்குப் பயிற்சிக் கட்டணம்.

நீங்களும் எதைப் பண்றதா இருந்தாலும் சின்னதா, தேதி போட்டு, தோத்தாலும் வீடு ஆடாத அளவுக்குப் பண்ணுங்க. டீச்சர் ஆகணுமா, ஒரு மாசம் சனிக்கெழமை மட்டும் பக்கத்துப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. பண்ணையம் பார்க்கணுமா, வேலைய விடறதுக்கு முந்தி லீவு போட்டு ஒரு மஞ்சள் அறுவடைக்குக் கூட நின்னு பாருங்க.

செய்யணும்னு முடிவெடுத்தது செய்யாம நழுவிட்டே போகுதுன்னா ஒரு வழி இருக்குது. கோல்விட்சர்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் ஆராய்ச்சி பண்ணி எழுதினது, "இது நடந்ததும் இதைச் செய்வேன்"னு முன்னாடியே கட்டிப் போட்டுக்கிறது. "பழைய பையர்களுக்கு மெயில் பண்ணணும்"னு நான் நாலு வாரம் சொல்லிட்டே இருந்தேன், பண்ணல. "காலைல அவரு வண்டி எடுத்துட்டுக் கெளம்பினதும், காபி டம்ளரைக் கழுவி வெச்சதும், ஒரு மெயில்"னு மாத்தினேன். டம்ளர் கழுவறது எப்படியும் நடக்கும், அதோட பின்னாடியே மெயிலும் போயிருச்சு.

வீட்டுல இருக்கிறவங்களையும் சேர்த்துக்கோங்க

நம்ம ஊருல ஒரு முடிவு ஒருத்தரோட முடிவா இருக்கிறதில்ல. யாரு என்ன சொன்னா உனக்கென்ன, உன் வாழ்க்கை உன் கையிலங்கிற மாதிரி பேசுற கோச் எனக்கு ஒத்து வரமாட்டாங்க, உங்களுக்கும் யோசிச்சுக்கோங்க. நான் அஞ்சாவது செஷன்ல எங்க கோச் சம்மதத்தோட வீட்டுக்காரரை அரை மணி நேரம் கூட உக்கார வெச்சேன். அவரு வரமாட்டேன்னுதான் சொன்னாரு, வந்து உக்காந்து கோச் கேட்ட முதல் கேள்விக்கே, "இவ வீட்டுல இருக்கிறது எனக்குப் பயமா இருக்குதுங்க, தறி ஓடலைன்னா என்ன பண்றதுன்னு"ன்னாரு. இருபது வருசக் குடித்தனத்துல அவரு பயம்ங்கிற வார்த்தைய எங்கிட்ட சொன்னதே இல்ல. அன்னிக்குத்தான் வீட்டுக் கணக்கை ரெண்டு பேரும் ஒரே நோட்டுல எழுத ஆரம்பிச்சோம்.

வேலை போனவங்களுக்கு மட்டும்தான் இதுன்னு நெனைக்காதீங்க, நல்லது நடந்தாலும் மனசு தடுமாறும். எங்களுக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்காரு, 62 வயசு, மகன் படிச்சுட்டு வந்து பொறுப்பு எடுத்துக்கிட்டான், எல்லாம் அவரு ஆசைப்பட்டதுதான். ஆனா தெனமும் காலைல எட்டு மணிக்குப் போயி மகனுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே இருப்பாரு, அப்பனும் மகனும் பேசிக்கிறதே நின்னு போச்சு. நான்தான் எங்க கோச்கிட்ட அனுப்பினேன், அவரே எழுதுன்னு சொன்னதால எழுதறேன். மூணாவது தடவை அவங்க கேட்டது, "உங்க சேர்ல தம்பி உக்காந்தாச்சு, பட்டறைக்குள்ள இப்ப உங்க சேரு எங்க போட்டிருக்குதுங்க?" அண்ணன் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யாருகிட்டயும் பேசல. அப்பறம் அவரே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு, செவ்வாயும் வெள்ளியும் பட்டறைப் பக்கமே போறதில்ல, மத்த நாள்ல பத்து மணிக்கு மேல போயி புதுசா சேர்ந்த பசங்களுக்கு டூல் தீட்டக் கத்துக் குடுக்குறாரு. செக்ல கையெழுத்து முழுசா மகன்தான்.

எப்ப நிறுத்தணும்

மூணு செஷன் முடிஞ்சும் நீங்க வீட்டுல வந்து ஒண்ணுமே மாத்திப் பண்ணலைன்னா கோச்கிட்டயே வாய்விட்டுச் சொல்லுங்க, அதுக்கப்பறமும் அப்படியே போனா ஆளை மாத்துங்க, சங்கடப்பட வேண்டாம். ஒவ்வொரு சின்ன விசயத்துக்கும் அவங்களுக்குப் போன் போட்டுக் கேக்கணும்னு தோண ஆரம்பிச்சாலும் அது நல்லதில்ல, அப்படித் தோணுறப்ப நல்ல கோச்சே இடைவெளியக் கூட்டுவாங்க. அவங்க சொல்ற பாலிசி, சத்து மாவு, ஷேர் எதையும் வாங்காதீங்க, விக்க ஆரம்பிச்சா அன்னிக்கே முடிச்சுக்கோங்க. வேற வழியில்லாம காசு நெருக்கடியா இருந்தா பயிற்சியில இருக்கிற கோச்சுங்க மணிக்கணக்கு சேர்க்கறதுக்காக கொறைஞ்ச காசுக்கோ சும்மாவோ உக்காருவாங்க, கேட்டுப் பாருங்க.

கடைசி செஷனுக்குப் போகும்போது முதல் நாள் எழுதின அந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போங்க. எங்க கோச் அதை எங்கையில குடுத்து சத்தமாப் படிக்கச் சொன்னாங்க, படிச்சுட்டு பக்கத்துல இன்னிக்கு நெலமைய எழுதச் சொன்னாங்க, சிநேகிதத்துக்கு 1 இருந்த எடத்துல 5 போட்டேன், அதுல ரெண்டு மார்க்கு அந்த ஸ்டால் போட்ட எடத்துல பழக்கமானவங்க. அப்பறம் மூணு மாசம் தள்ளி ஒரு தேதி குறிச்சு வெச்சுக்கோங்க, நழுவியிருந்தா அன்னிக்குப் பிடிச்சுக்கலாம். எனக்கு அது 2024 மார்ச்ல வந்துச்சு, ஒரு மணி நேரம்னு உக்காந்தோம், இருபது நிமிசத்துல பேச வேண்டியது முடிஞ்சுது, நடுவுல ரெண்டு தடவை எம்போன் அடிச்சுது, செக்கிங்ல இருந்து. எடுங்கன்னு அவங்களே சொன்னாங்க.